வீடு எங்கள் பெயரில், கணக்கு யார் கையில்?

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சுற்றுலா விடுதித் தொழிலும் பெண்களும்" என்ற தலைப்பை விழாக்குழுவினர் எனக்குத் தந்திருக்கிறார்கள். இதை நான் இரண்டு கேள்விகளாக எடுத்துக்கொள்கிறேன். பூட்டிக் கிடக்கும் வீட்டை நாள் வாடகைக்கு விட்டு வருமானம் பெறலாமா? பெறலாம் என்றால், அந்த வருமானம் யார் கைக்குப் போகிறது?

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பருத்தித்துறையில் தெருவின் மேலேயே கூரை போட்டதுபோல நிற்கும் தெருமூடி மடத்தைப் பார்க்காதவர் இங்கே குறைவு. கீரிமலையிலும் செல்வச்சந்நிதியிலும் மடங்கள் இருந்தன, இருக்கின்றன. அங்கே தங்குவதற்குக் காசு இல்லை. அது தருமம். இன்று நாங்கள் பேசுவது வியாபாரம். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் தருமமும் நடக்காது, வியாபாரமும் நடக்காது.

இந்த வியாபாரத்துக்கு வழி திறந்தது அண்மையில்தான். 1990இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வந்தது. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆயிற்று. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் கப்பல் ஓடியது. நயினாதீவுக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர், கோட்டையும் நெடுந்தீவும் பார்க்க வரும் வெளிநாட்டார், நல்லூரின் 25 நாள் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு வரும் எங்கள் புலம்பெயர் உறவுகள் என்று வருவோர் பலவகை. இவர்களில் கடைசியாகச் சொன்னவர்கள் ஹோட்டல் அறையைவிட வீட்டையே விரும்புகிறார்கள். குசினி வேண்டும், முற்றம் வேண்டும், பத்துப் பேர் ஒன்றாக இருந்து சாப்பிட இடம் வேண்டும். எங்கள் நாற்சார் வீடுகளில் இவை எல்லாம் இருக்கின்றன.

அந்த வீடுகள் யார் பெயரில் இருக்கின்றன? பெரும்பாலும் பெண்களின் பெயரில். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமை, மகளுக்குச் சீதனம் கொடுப்பதைச் சட்டமாகவே கண்டது. சீதனத்தின் தீமைகளை இந்த மேடையிலேயே பலர் பேசியிருக்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதன் ஒரு விளைவு, யாழ்ப்பாணத்துப் பெண்ணின் பெயரில் ஒரு காணியும் வீடும் உறுதியில் இருப்பது. பெயர் இருப்பது ஒன்று, அந்தச் சொத்தை ஆள்வது வேறொன்று.

ஆகவே, மெத்தை வாங்குவதற்கு முன் உறுதியை எடுத்து வாசியுங்கள். மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சீவிய உரித்து. அம்மா, அப்பா வீட்டை உங்களுக்கு எழுதும்போது தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டிருந்தால், அவர்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கவும் அதன் வருமானத்தை எடுக்கவும் உரிமை அவர்களுடையது. அவர்கள் சம்மதத்தோடுதான் எதையும் தொடங்கலாம்.

இரண்டாவது, கணவரின் சம்மதம். தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், தன் சொந்த அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்று 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசொம் கட்டளைச் சட்டம் சொல்கிறது. இன்றும் அதுதான் சட்டம். அந்த விதி மாற வேண்டும் என்று கேட்கும் கடமை எங்களைப் போன்ற சங்கங்களுக்கு உண்டு. மாறும்வரை, வீட்டை ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக் கணக்கில் குத்தகைக்குக் கொடுப்பதற்கோ வங்கியில் ஈடு வைப்பதற்கோ முன் சட்டத்தரணியிடம் இதைக் கேட்டுத் தெளியுங்கள். அதே சட்டத்தின்படி, சீதன வீட்டிலிருந்து திருமண காலத்தில் கிடைக்கும் இலாபம் தேடிய தேட்டமாகக் கணிக்கப்படும். வீடு ஒரு வகைச் சொத்து, அது உழைத்துத் தரும் காசு இன்னொரு வகைச் சொத்து. கணக்கைத் தனியாக எழுதி வைக்க இதுவே போதிய காரணம்.

மூன்றாவது, குத்தகையின் காலம். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் சட்டம். நாலு நாள் தங்குபவருக்கு உறுதி தேவையில்லை. ஆனால் "தம்பி, நீ வீட்டைப் பார்த்து ஆட்களைப் போட்டு நடத்து, வாறதில் பாதியை அனுப்பு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கும் சகோதரிகளுக்குச் சொல்கிறேன்: உறவு கெடாமல் இருக்க வேண்டுமானால் அதை எழுத்தில் வையுங்கள். அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால், வாடகைக்கு விடும் அதிகாரத்தை மட்டும் கொடுங்கள். விற்கும் அதிகாரத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்தவை. உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

மூன்று அறையுள்ள ஒரு வீடு. ஓரிரவுக்கு 15,000 ரூபா. ஆண்டில் 120 இரவுகள் ஆட்கள் இருக்கிறார்கள். வரவு 18 இலட்சம். கேட்க இனிமையாக இருக்கிறது. இப்போது கழிப்போம். பதிவு செய்து தரும் இணையத் தளங்களுக்கு 15 வீதம் என்றால் 2,70,000. துப்புரவு, சலவை, காலைச் சாப்பாடு இரவுக்கு 3,000 வீதம் 3,60,000. வீட்டைப் பார்ப்பவருக்கு மாதம் 45,000 வீதம் 5,40,000. மின்சாரம், தண்ணீர், இணையம் மாதம் 20,000 வீதம் 2,40,000. வர்ணம், ஓடு, குழாய் திருத்தம் 1,50,000. சுற்றுலா அபிவிருத்தி அறவீடு 1 வீதம், 18,000. அந்த அறவீடு இலாபத்தில் அல்ல, மொத்த வரவில். செலவு 15,78,000. மிச்சம் 2,22,000 ரூபா. வருமான வரி இன்னும் கழிக்கவில்லை.

அதே வீட்டை ஒரு குடும்பத்துக்கு, செலவு போக மாதம் 40,000 கையில் நிற்கும்படி வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு 4,80,000. நாள் வாடகை அந்தத் தொகையை எட்டுவதற்கே 147 இரவுகள் வேண்டும். நல்லூர்த் திருவிழாவும் மார்கழி விடுமுறையும் எங்களுக்கு அத்தனை இரவுகளைத் தரா. மற்ற மாதங்களில் யார் வருவார் என்ற கேள்விக்குப் பதில் உள்ளவர்தான் இதில் இறங்கலாம்.

"வீட்டைப் பார்க்க ஆள் எதற்கு, நானே பார்ப்பேன்" என்று சொல்வீர்கள். அப்போது மிச்சம் 7,62,000 ஆகத் தெரியும். அதில் 5,40,000 உங்கள் கூலி. விடிய எழுந்து புட்டு அவிப்பதும், நடுச்சாமத்தில் பேருந்தால் இறங்குபவருக்குக் கதவு திறப்பதும், துவாய் தோய்ப்பதும் இலாபம் ஆகா, அவை உழைப்பு. வீட்டு வேலைக்குச் சம்பளம் எழுதாத பழக்கத்தை இந்தத் தொழிலுக்குள்ளும் கொண்டுவராதீர்கள். உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, மாதம் பிறந்ததும் உங்கள் கூலியை அதில் போடுங்கள். அதன்பின் மிஞ்சுவதுதான் வீடு உழைத்தது.

கடன் எடுத்துப் புதிதாகக் கட்டுவது பற்றியும் கேட்கிறார்கள். பலாலி நிலையம் 2019 ஒக்டோபரில் திறந்து, நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றோடு நின்ற அந்தச் சேவை 2022 டிசம்பரில்தான் மீண்டது. இடையில் எரிபொருள் வரிசை வந்தது. கப்பலும் சில நாள் ஓடி நின்று, 2024 ஓகஸ்டில்தான் மறுபடி வந்தது. வங்கித் தவணைக்கு இந்த இடைவெளி கிடையாது. ஆகவே, இருக்கும் வீட்டைத் திருத்தித் தொடங்குங்கள். ஓராண்டு ஒருவரும் வராவிட்டாலும் கட்டக்கூடிய தவணைக்கு மேல் கடன் படாதீர்கள்.

பதிவைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை, உரிமையாளர் குடும்பத்தோடு வாழும் இல்லத் தங்கல், வாடகை வீடு, விருந்தினர் இல்லம் என்று வகை பிரித்துப் பதிகிறது. உள்ளூராட்சி மன்றத்தையும் இறைவரித் திணைக்களத்தையும் மறக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்தாலும், இலங்கையில் உழைத்த வாடகை இலங்கை வரிக்கு உட்பட்டதே. பதிவில் உங்கள் பெயர் இருக்கட்டும். இணையத் தளக் கணக்கின் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கட்டும். மகனோ மருமகனோ தட்டச்சுச் செய்து தரலாம், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும்.

கடைசியாக, உறுதியில் எழுதப்படாத இரண்டு கடன்கள் எங்களுக்கு உண்டு.

ஒன்று கிணற்றுக்கு. இந்தக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் ஆண்டு முழுவதும் அள்ளுகிறோம். அளவுக்கு மேல் இறைத்தால் உவர் ஏறும். அறைக்கொரு மலசலகூடம் கட்டி, குழியைக் கிணற்றுக்குக் கிட்ட வைத்தால், கல்லின் வெடிப்பு வழியே அழுக்கு எங்கள் கிணற்றுக்கும் அயல் கிணற்றுக்கும் போகும். நீச்சல் குளம் கட்ட நினைப்பவர் வேலிக்கு அப்பால் தோட்டம் செய்பவரையும் நினைக்க வேண்டும்.

மற்றது அயலுக்கு. பார்சலோனா நகரம் தன்னிடமுள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028க்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. ஊரவர் குடியிருக்க வீடின்றிப் போனதே காரணம். எங்கள் ஊர் அந்த நிலைக்கு வரவில்லை. ஆனாலும் திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் அறை தேடித் திரிவதை நாங்கள் அறிவோம். ஆண்டில் பத்து மாதம் இரண்டு மாணவிகளுக்கு ஒழுங்கான வாடகையில் அறை கொடுத்து, மிகுதி அறைகளைத் திருவிழாக் காலத்தில் விருந்தினருக்கு விடலாம். கணக்குப் பார்த்தால் அதிலும் நட்டம் வராது.

சகோதரிகளே, எங்கள் பேத்திமாருக்கு நாங்கள் இந்த வீடுகளைக் கொடுக்கப்போகிறோம். உறுதியோடு ஒரு கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துக் கொடுப்போம். என்ன வந்தது, என்ன போனது, யார் உழைத்தது என்று எங்கள் கையெழுத்தில் அதில் இருக்கட்டும். முதல் பக்கத்தை இந்த மாதமே எழுதத் தொடங்குங்கள்.