சொல்லை நம்பி ஒருவர் செயல்படும் இடத்தில்



இன்று பட்டம் பெறும் உங்களில் பலர் விரைவில் இணையதளங்களையும் செயலிகளையும் உருவாக்கும் வேலையில் சேரப்போகிறீர்கள். அந்தத் தொழிலில் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. கலைச்சொற்களைத் துல்லியமாகத்தான் கையாள வேண்டுமா, புரிந்தால் போதுமா என்பதே அது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சொல்லை நம்பி இன்னொரு மனிதரோ இயந்திரமோ செயல்படும் என்றால், அங்கே துல்லியம் உங்கள் கடமை. மற்ற இடங்களில் தாராளமாக இருங்கள்.

தாராளத்தால் இந்தத் துறை பயன் அடைந்திருக்கிறது. பக்கம் முழுவதையும் மறுபடி ஏற்றாமல், தேவையான தரவை மட்டும் பின்னணியில் வாங்கிக் காட்டும் முறைக்கு 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் கேரட் ‘ஏஜாக்ஸ்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரின் கடைசி எழுத்து எக்ஸ்எம்எல் என்ற தரவு வடிவத்தைக் குறித்தது. பின்னாளில் எக்ஸ்எம்எல் இருந்த இடத்தை ஜேசான் பிடித்துக்கொண்டது. பெயர் அப்படியே நின்றது. யாருக்கும் நட்டமில்லை. சிதறிக் கிடந்த உத்திகளைப் பற்றிப் பேசவும் கற்பிக்கவும் ஒரு பெயர் கிடைத்ததே லாபம்.

2011 ஜனவரியில் நடந்தது வேறு. தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, எச்டிஎம்எல்5-க்கு ஒரு சின்னம் வெளியிட்டது. சிஎஸ்எஸ், எஸ்விஜி போன்ற தனித்தனித் தொழில்நுட்பங்களையும் அந்தச் சின்னம் குறிக்கும் என்றது. வலை உருவாக்குநர்கள் எதிர்த்தார்கள். எல்லை வகுக்க வேண்டியவர்களே எல்லையை அழித்துவிட்டால், ‘இந்த பிரவுசர் எச்டிஎம்எல்5-ஐ ஏற்குமா?’ என்ற கேள்விக்கு யார் பதில் சொல்ல முடியும்? சில நாள்களிலேயே அந்த அமைப்பு தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. பேச்சில் ஒரு சொல் நெகிழலாம். தரம் வகுப்பவர் எழுத்தில் நெகிழக் கூடாது.

சொல் பிசகினால் எவ்வளவு இழப்பு வரும் என்பதற்கு, நீங்கள் மறக்கக் கூடாத ஒரு நிகழ்ச்சி உண்டு. எச்டிடிபி நெறிமுறையில் ‘சேஃப்’ என்ற சொல்லுக்குக் குறுகலான, உறுதியான பொருள் இருக்கிறது. தகவலை வாங்குவதற்கு மட்டுமான கோரிக்கை, எதையும் மாற்றும்படி செர்வரைக் கேட்காத கோரிக்கை என்பதே அந்தப் பொருள். கெட் கோரிக்கை அந்த வகை. அந்த நெறிமுறையை வரையறுத்து 1999-இல் வந்த ஆர்எஃப்சி 2616 என்ற ஆவணம் இதை எழுதியே வைத்திருந்தது. ஆனாலும் பல செயலிகளில் ‘நீக்கு’ என்பது சாதாரண லிங்க்காக, அதாவது கெட் கோரிக்கையாக இருந்தது. மனிதர்கள் மட்டும் சொடுக்கியவரை பிரச்சினை தெரியவில்லை.

2005 மே மாதம் கூகுள் வெப் ஆக்சிலரேட்டர் வெளிவந்தது. பயனர் அடுத்துத் தொடக்கூடிய லிங்க்குகளை முன்கூட்டியே எடுத்துவைத்து, பக்கங்களை வேகமாகக் காட்டும் மென்பொருள் அது. கெட் என்றால் வாங்குவது மட்டும்தான் என்று நம்பி, ‘நீக்கு’ லிங்க்குகளையும் அது தொட்டது. 37சிக்னல்ஸ் நிறுவனத்தின் பேக்பேக் போன்ற செயலிகளில் பயனர்கள் எழுதிவைத்திருந்தவை, அவர்கள் கை படாமலே அழிந்தன.

கெட் கோரிக்கை எதையும் மாற்றக் கூடாது என்ற ஆர்எஃப்சி 2616 விதியில் இருந்த சொல் ‘ஷுட் நாட்’. கட்டாயம் என்று சொல்லவில்லையே என வாதாடலாம் போலத் தோன்றும். ஆனால் 1997 மார்ச்சில் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்எஃப்சி 2119 இத்தகைய சொற்களுக்கு எல்லை வகுத்துவிட்டது. ‘மஸ்ட்’ என்றால் மீறவே கூடாது. ‘ஷுட்’ என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம். ஆனால் விலகுவதற்குமுன் விளைவுகளை முழுதாக எடைபோட்டிருக்க வேண்டும். ‘மே’ என்றால் உங்கள் விருப்பம். நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஆவணத்திலும் இந்த மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

செர்வர் தன் பதிலோடு அனுப்பும் ‘நோ-கேஷ்’, ‘நோ-ஸ்டோர்’ என்ற கட்டளை இணையையும் கவனியுங்கள். முதலாவதைப் பார்த்ததும் ‘சேமிக்காதே’ என்று பொருள்கொள்பவர்கள் நிறைய. உண்மையில் அது, சேமித்துக்கொள்ளலாம், ஆனால் மறுபடி பயன்படுத்துமுன் செர்வரிடம் சரிபார் என்கிறது. சேமிக்கவே கூடாது என்பதற்கு நோ-ஸ்டோர்தான் வேண்டும். பிரவுசிங் சென்டரில் ஒருவர் தன் மருத்துவ அறிக்கையைத் திறந்து பார்த்துவிட்டு எழுந்து போகிறார். அந்த அறிக்கை அந்தக் கணினியில் தங்கிவிடுமா என்பது, நீங்கள் இந்த இரண்டில் எதை எழுதினீர்கள் என்பதையும் பொறுத்தது.

எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். படத்துக்கான மாற்று உரையைப் பலர் ‘ஆல்ட் டேக்’ என்பார்கள். இலக்கணப்படி அது ஆட்ரிபியூட். இதற்காகக் கூட்டத்தில் யாரையும் நிறுத்தித் திருத்தாதீர்கள். உங்கள் கவனம் வேண்டியது வேறோர் இடத்தில். ஆல்ட்டை எழுதி வெறுமையாக விட்டால், இது அலங்காரப் படம் என்று ஸ்கிரீன் ரீடர் கடந்துபோகும். ஆல்ட்டை எழுதாமலே விட்டால், அது கோப்பின் பெயரை எழுத்தும் எண்ணுமாகப் படித்துக்காட்டக்கூடும். பார்வையற்ற ஒருவருக்கு இந்த வேறுபாடு பெரியது. வெறுமையும் இல்லாமையும் ஒன்றே என்று நினைப்பவர், பெயரைச் சரியாகச் சொன்னாலும் துல்லியமானவர் ஆகமாட்டார்.

துல்லியத்தை அடுத்தவரைச் சிறுமைப்படுத்தும் கருவியாக்காதீர்கள். உங்களில் வீட்டின் முதல் பட்டதாரிகள் இருக்கிறீர்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, முதலாண்டில் ஆங்கிலக் கலைச்சொற்களின் முன் திகைத்து நின்றவர்களும் இருக்கிறீர்கள். ஒரு சொல் தெரியாமல் இருப்பதில் வெட்கம் இல்லை. தெரியாத சொல்லுக்குத் தலையாட்டுவதில்தான் ஆபத்து. வாடிக்கையாளர் ‘சைட் செக்யூராக இருக்கணும்’ என்றால், கடவுச்சொல்லைப் பற்றிக் கேட்கிறாரா, பணப் பரிமாற்றத்தையா, யார் எதைப் பார்க்கலாம் என்பதையா என்று பொறுமையாகக் கேளுங்கள். உங்களுக்குப் பின் வரும் தம்பியோ தங்கையோ தவறான சொல்லைச் சொன்னால், முதலில் அவர் சொல்லவந்ததைப் பிடியுங்கள்; சரியான சொல்லைப் பிறகு தனியே சொல்லிக்கொடுங்கள்.

வேலையில் சேர்ந்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் குழு அன்றாடம் புழங்கும் சொற்களில், எவற்றை நம்பி முடிவுகள் எடுக்கப்படுகின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சொற்களுக்கு மட்டும் மூல ஆவணத்தைத் திறந்து படியுங்கள். ஆர்எஃப்சிகளும் எச்டிஎம்எல் தரநூலும் யாருக்கும் இலவசம். நீங்கள் எழுதுவதை நம்பப்போகிறவர்களில் பெரும்பாலோரை நீங்கள் சந்திக்கவே மாட்டீர்கள். அருகில் நின்று விளக்கவும் முடியாது. அவர்களுக்காகத்தான் இந்த உழைப்பு.