பாம்பைக் கண்டால் என்ன செய்வது?
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடுங்குவதில் தப்பில்லை. நடுங்கிக்கொண்டே பாராங் கத்தியைத் தூக்குகிறோமே, அதுதான் தப்பு.

சுங்கை வே வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் போய், வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்துவிட்டன. எலி மட்டும் போகவில்லை. எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரத்தானே செய்யும்? செம்பனைத் தோட்டத்தைக் கேட்கவே வேண்டாம். ஆனால் பழத்தைக் கடித்துப் பாழாக்கும் எலியைத் தின்று, பாம்பு அங்கே நமக்கு உதவியும் செய்கிறது.

பாம்பு பிடிப்பது ஒரு கலை. தமிழ்நாட்டு இருளர் மக்கள் அதில் கைதேர்ந்தவர்கள். ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பைப் பிடித்தார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பின் அந்தப் பிழைப்பு போயிற்று. 1978இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிடித்த பாம்பிலிருந்து மருந்துக்காக விஷம் எடுத்துவிட்டு, அதை உயிரோடு காட்டில் விடுகிறார்கள். அவர்களில் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடா வரை போய் மலைப்பாம்பு பிடித்தார்கள். 2023இல் இந்திய அரசு இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

இதைக் கேட்டதும், "நாமும் பிடிச்சுப் பார்ப்போமே" என்று எந்தத் தம்பியும் கிளம்பிவிடக் கூடாது. நம் நாட்டில் அபு ஸாரின் ஹுசேன் என்ற தீயணைப்பு வீரர் இருந்தார். மற்ற வீரர்களுக்கே பாம்பு பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். 2018 மார்ச்சில், பகாங்கில் ராஜநாகம் ஒன்றைப் பிடிக்கும்போது கடிபட்டு உயிரிழந்தார். வயது 33. ஆசானுக்கே அந்தக் கதி என்றால், நம் கை எம்மாத்திரம்?

ஆகவே நம் வேலை மூன்றுதான். விலகு, கவனி, கூப்பிடு.

பிள்ளைகளையும் நாய் பூனையையும் அப்புறப்படுத்துங்கள். பத்துப் பன்னிரண்டு அடிக்கு அப்பால் நின்று, பாம்பு எங்கே நுழைகிறது என்று பாருங்கள். 999க்கு அழைத்தால் பொம்பாவோ, பொதுத் தற்காப்புப் படையோ வரும். அவர்கள் கொக்கிக் கம்பால் தூக்கிப் பையில் இட்டுக் கட்டிக்கொண்டு போவார்கள். பெரிய மலைப்பாம்பு என்றால் பலர் சேர்ந்துதான் தூக்குவார்கள். அதை உரிமமின்றிப் பிடிப்பதும் கொல்வதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடித்துவிட்டால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள், கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். மந்திரிக்கப் போய் நேரத்தை விடாதீர்கள். இங்குள்ள ஒருவகை நாகம் விஷத்தைத் துப்பும். கண்ணில் பட்டால் கசக்காமல், கால் மணி நேரம் சுத்தமான தண்ணீரால் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள்.

வீட்டைச் சுற்றிக் குப்பையும் பலகையும் குவியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எலி குறைந்தால் பாம்பும் குறையும்.

பிள்ளைகளே, பாம்பை அடித்தவன் வீரன் அல்ல. தம்பி தங்கையைத் தள்ளி நிறுத்தி, பெரியவர்களைக் கூப்பிட்டானே, அவன்தான் வீரன். பாம்பும் பிழைக்கட்டும், நம் பிள்ளைகளும் பிழைக்கட்டும்.