பின்னால் இருப்பவரும் பயணிதான்

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனையின் எழுத்து வடிவம்)



2014-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் நாள், அமெரிக்காவின் நூவர்க் நகரிலிருந்து டென்வருக்கு ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. நடுவானில் இரண்டு பயணிகளுக்குள் சண்டை. முன்னால் இருந்த பெண்மணி இருக்கையைச் சாய்க்கப் பார்த்தார். பின்னால் இருந்தவர் மடிக்கணினியில் வேலை செய்துகொண்டிருந்தார். முன் இருக்கை சாயாதபடி தடுக்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியை அவர் தம் சாப்பாட்டுத் தட்டில் மாட்டி வைத்திருந்தார். எடுக்கச் சொல்லியும் எடுக்கவில்லை. அந்தப் பெண்மணி தண்ணீரை அவர்மேல் வீசினார். விமானி பாதையை மாற்றி சிகாகோவில் இறங்கி, இருவரையும் அங்கேயே இறக்கிவிட்டுப் பயணத்தைத் தொடர்ந்தார்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. அவர்கள் இருவரும் அமர்ந்திருந்தது, சாதாரண இருக்கையைவிட கால் நீட்ட 4 அங்குலம் கூடுதலாக இடம் உள்ள பகுதி. மற்றவர்களைவிட அதிக இடம் பெற்றிருந்த இருவர்தான் அடித்துக்கொண்டார்கள். ஆகவே, இடம் குறைவாக இருப்பதால்தான் சண்டை வருகிறது என்று நாம் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

சரி, யார் பக்கம் நியாயம்? சாதாரண வகுப்பில் ஓர் இருக்கைக்கும் அடுத்த இருக்கைக்கும் இடையே பல நிறுவனங்கள் விடும் அளவு 28 முதல் 32 அங்குலம். அதில் இருக்கையின் பருமனும் அடக்கம். முன்னால் இருப்பவர் சாயும்போது அந்தச் சில அங்குலங்கள் பின்னால் இருப்பவரின் முழங்காலுக்கு முன்னாலிருந்துதான் போகின்றன. "பொத்தான் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், அழுத்துகிறேன்" என்கிறார் முன்னவர். "நானும்தானே டிக்கெட் எடுத்திருக்கிறேன்" என்கிறார் பின்னவர். இருவர் சொல்வதும் உண்மை. ஒரே மனையை இரண்டு பேருக்குக் கிரயம் செய்து கொடுத்தால் என்ன ஆகும் என்று நம் கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படிப்பட்ட இடம்தான் அந்தச் சில அங்குலம்.

"சாமி, விமானத்தில் போகிறவர்களுக்கு அல்லவா இது?" என்று நீங்கள் நினைக்கலாம். நம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். வேளாங்கண்ணிக்கு இரவுப் பேருந்தில் போகிறோம். அதில் புஷ்பேக் சீட் இருக்கிறது. சிப்காட்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் இரவு ஷிப்ட் முடித்தவர் ஏறியவுடனே கண்ணயர்ந்து சாய்கிறார். நம் ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் நில்லாமல் ஓடும் ஹவுரா வண்டிகளில், நம்மோடு வேலை செய்யும் ஒடிசா, வங்காளச் சகோதரர்கள் பயணம் செய்கிறார்கள். எல்லா இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: என் ஓய்வுக்கான இடம் எதுவரை, அடுத்தவர் இடம் எங்கே ஆரம்பிக்கிறது?

ரயிலில் இதற்கு ஒரு சட்டமே இருக்கிறது. ஸ்லீப்பர் பெட்டியில் நடு பெர்த்தை விரித்துவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார முடியாது. மடக்கி வைத்தால் நடு பெர்த்காரர் படுக்க முடியாது. இந்தத் தகராறு தீர ரயில்வே தூங்கும் நேரத்தை வரையறுத்திருக்கிறது. முன்பு அது இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இருந்தது. 2017 ஆகஸ்ட் மாதம் வந்த சுற்றறிக்கை அதை இரவு 10 மணி என்று மாற்றியது. அந்த நேரத்துக்குள் நடு பெர்த்காரர் விரிக்கலாம், யாரும் தடுக்க முடியாது. மற்ற நேரத்தில் அது எல்லோரும் உட்காரும் இடம்.

ஆனால் அதே சுற்றறிக்கையில் நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோரைப் பற்றியும் சொல்லப்பட்டிருக்கிறது. அவர்கள் அந்த நேரத்துக்கு அப்பாலும் படுக்க விரும்பினால் சக பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள். பாருங்கள், கடிகாரம் சொல்லும் வரைக்கும் சட்டம் பேசுகிறது. மனிதரின் வலி என்று வரும்போது சட்டமே கைகூப்பி, "தயவுசெய்து" என்கிறது. அதற்குமேல் ரயில்வே செய்ய ஒன்றுமில்லை. மீதியை எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்களும் நானும்தான் செய்ய வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, தொடக்க நூல் 13-ஆம் அதிகாரத்தில் இதே போன்ற ஓர் இடத் தகராறு வருகிறது. ஆபிராமுக்கும் லோத்துக்கும் ஆடுமாடுகள் பெருகிவிட்டன. இருவரையும் தாங்க அந்த நிலம் போதவில்லை. மேய்ப்பர்களுக்குள் வாக்குவாதம். ஆபிராம் லோத்தின் தந்தைக்குச் சகோதரர், வயதில் மூத்தவர், ஆண்டவரின் வாக்குறுதியைப் பெற்றவர். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்குத்தான். ஆனாலும் அவர் தம் சகோதரர் மகனைப் பார்த்து, நீ முதலில் எடுத்துக்கொள், நீ இடப்பக்கம் போனால் நான் வலப்பக்கம் போகிறேன் என்று விட்டுக்கொடுக்கிறார். லோத்து நீர்வளம் உள்ள யோர்தான் சமவெளியை எடுத்துக்கொண்டார். தம் உரிமையைவிட உறவு பெரிது என்று ஆபிராம் எண்ணினார்.

திருத்தூதர் பவுலும் கொரிந்து சபைக்கு இதைத்தான் எழுதுகிறார். சிலைகளுக்குப் படைத்த உணவை உண்ணலாமா என்பது அங்கே பிரச்சினை. உண்ண உரிமை உண்டு என்று அவர் ஒத்துக்கொள்கிறார். ஆனால் அந்த உரிமை பக்கத்தில் இருக்கும் வலுவற்ற சகோதரரை என்ன செய்யும் என்று பார்க்கச் சொல்கிறார். "எனக்கு உரிமை இருக்கிறதா?" என்பதோடு நின்றுவிடாமல், "இதனால் யாருக்கு வலிக்கும்?" என்றும் கேட்பதுதான் கிறிஸ்தவரின் கணக்கு.

ஆகவே நடைமுறையில் என்ன செய்யலாம்? சாய்ப்பதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பின்னால் மடியில் குழந்தையோடு ஒரு தாய் இருக்கலாம். மூட்டுவலிக்காரப் பெரியவர் இருக்கலாம். அவர் கையில் சூடான காபி இருக்கலாம். "அம்மா, சீட்டைக் கொஞ்சம் சாய்ச்சுக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு மெல்லச் சாயுங்கள். சாப்பாடு வரும்போது நிமிர்த்திவிடுங்கள். ஒரு மணி நேரப் பகல் பயணம் என்றால் சாயாமலே இருந்துவிடலாம். இரவுப் பயணத்தில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் சாய்வதில் தவறில்லை.

பின்னால் இருப்பவருக்கும் கடமை உண்டு. முன் இருக்கையைக் காலால் உதைக்காதீர்கள். எழுந்திருக்கும்போது அதைப் பிடித்து இழுக்காதீர்கள். கஷ்டமாக இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள். அந்த பிளாஸ்டிக் கருவிபோல மறைவாகத் தடுக்க வேண்டாம். முன்னால் சாய்பவர் இரண்டு ஆண்டு பாலைவன வெயிலில் வேலை பார்த்துவிட்டு, விடியற்காலையில் மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற தகப்பனாக இருக்கலாம். அவர் முதுகுக்கும் அந்தச் சில அங்குலம் தேவை.

இதை நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் கொண்டுவாருங்கள். கணவரும் மனைவியும் கம்பெனிக்குப் போகும் வீடுகள் நம் பங்கில் நிறைய. ஷிப்ட் முடித்து வந்தவர் நாற்காலியில் சாய்கிறார். அதே நேரம் அதே களைப்போடு வந்த மனைவி அடுப்படியில் நிற்கிறார். சாய்ந்தவர் கெட்டவர் அல்லர், உண்மையிலேயே களைத்தவர். ஆனால் அவர் ஓய்வின் பாரம் யார் முழங்காலில் இடிக்கிறது என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. விமானத்தில் அந்தச் சண்டை சில நிமிடங்களில் வெடித்தது. வீட்டில் அது இருபது வருடம் சத்தமில்லாமல் நடக்கும்.

கடைசியாக ஒன்று. விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் எல்லோரும் இருக்கையை நேராக வைக்க வேண்டும். அப்போது யாருக்கும் விலக்கு இல்லை. ஆபத்து என்றால் வெளியேறும் வாசல்களில் பாதி மட்டுமே திறந்தாலும், 90 நொடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகே ஒரு விமான வகைக்கு அனுமதி கிடைக்கிறது. முன்னால் ஓர் இருக்கை சாய்ந்திருந்தால் பின்னால் இருப்பவர் எழுந்து வெளியே வரும் வழி குறுகிவிடும். என் இருக்கையை நான் நிமிர்த்துவது அவர் உயிர் பிழைக்கும் வழியைத் திறந்து வைப்பதற்காக. அங்கே இதைப் பணிப்பெண் வந்து நினைவூட்டுகிறார். வீட்டிலும் பஸ்ஸிலும் நினைவூட்ட நம் மனச்சாட்சி ஒன்றுதான் இருக்கிறது.

இந்த வாரம் பேருந்திலோ, ரயிலிலோ, நம் வீட்டுக் கூடத்திலோ சாய்வதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்ப்போம். ஒரு வார்த்தை கேட்போம். கேட்பவருக்கு மனமுவந்து இடம் கொடுப்போம். எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் பயணங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.