வீட்டுக் கணிப்பொறியில் ஒரு பேரேடு



என் தந்தையார் நூல்கள் சேர்ப்பதில் பெருவிருப்பம் உடையவர். சேர்த்ததோடு நில்லாமல் கேட்டவர்க்கெல்லாம் இரவலும் கொடுப்பார். எந்த நூல் யாரிடம் சென்றது என்பதை நீண்ட கணக்கு நோட்டு ஒன்றிலே எழுதி வைப்பார். அவர் மறைந்தபின் அந்நோட்டின் தாள்கள் உதிரத் தொடங்கின. அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றிக் காக்க எண்ணினேன். தரவுத்தளம் என்னும் சொல்லே அன்று எனக்குப் புதிது.

நான் தேர்ந்தது எஸ்கியூலைட் என்னும் மென்பொருள். 2000ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஹிப் என்பவர் வெளியிட்டது; விலை கொடுக்க வேண்டுவதில்லை. தரவுகள் யாவும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். ஆதலால் அமைப்பது எளிது, கற்பதுதான் கடினம்.

முதலில் ஒரே அட்டவணை அமைத்தேன். நூலின் பெயர், ஆசிரியர், இரவல் பெற்றவர், அவர் முகவரி எனப் பத்திகள். ஒருவரே பத்து நூல்கள் பெற்றிருந்தால் அவர் முகவரியைப் பத்து முறை எழுத நேர்ந்தது. அவர் வீடு மாறினால் பத்து இடத்தில் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டால் எது மெய், எது பொய்?

இந்த இடர்ப்பாட்டுக்கு வழி முன்பே கண்டிருந்தார்கள். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சார்ந்த எட்கர் காட் என்னும் அறிஞர், தரவுகளைத் தொடர்புடைய அட்டவணைகளாகப் பகுக்கும் முறையை வெளியிட்டார். அதன் பயன், ஒரு செய்தியை ஓரிடத்தில் மட்டுமே எழுதினால் போதும் என்பது. அவ்வாறே நூல்களுக்கு ஒன்று, மனிதர்க்கு ஒன்று, இரவலுக்கு ஒன்று என மூன்று அட்டவணைகள் வகுத்தேன். இரவல் அட்டவணையில் முகவரி இல்லை. நூலின் எண்ணும் ஆளின் எண்ணுமே உண்டு.

பிறகுதான் அந்தத் தவறு நேர்ந்தது. ஒரு நூலை மட்டும் பக்கத்து வீட்டு ஆசிரியர் பெயருக்கு மாற்ற விரும்பி, 'அப்டேட்' என்னும் கட்டளையை இட்டேன். எந்த வரியை மாற்றுவது என்று குறிக்கும் 'வேர்' என்னும் பகுதியை எழுத மறந்தேன். இமைப்பொழுதில் இரவல் நூல்கள் அனைத்தும் அந்த ஆசிரியரிடமே போய்ச் சேர்ந்தன! கணிப்பொறி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கோப்புக்கு வேறு படியும் நான் எடுத்திருக்கவில்லை.

பழைய தாள்களோடு போட எடுத்து வைத்திருந்த நோட்டு, நல்லவேளை, இன்னும் வீட்டிலேயே இருந்தது.

இப்பொழுது எதையும் மாற்றுமுன் 'பிகின்' என்று எழுதுகிறேன். மாற்றியபின் பார்க்கிறேன். பிழையெனில் 'ரோல்பேக்' என்றால் பழைய நிலை திரும்பும். சரியெனில் 'கமிட்' என்றால் நிலைபெறும். மாலையில் கோப்பை மூடி, வேறொரு வட்டில் படியெடுத்து வைக்கிறேன்.

இரண்டாம் முறை நோட்டைப் பொறுமையாகப் படித்தேன். சில பெயர்களின் எதிரே, ஓரத்தில், 'திருப்பிக் கேட்க வேண்டாம்' என்று தந்தையார் சிறிதாக எழுதியிருந்தார். முதல் முறை அவசரத்தில் அதனை நான் ஏற்றவேயில்லை. ஏற்றுவதற்கு அட்டவணையில் இடமும் வைக்கவில்லை. இன்று என் இரவல் அட்டவணையில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி உண்டு. தரவுத்தளம் தொடங்கும் அன்பர்கள் அட்டவணை வகுக்குமுன் பழைய ஏட்டின் ஓரங்களையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.