கண்டத்தின் அடித்தளம்: இரும்பைக் கருத்தரங்கின் தலைமை உரை



சம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் எழுந்தருளியிருக்கும் இரும்பையில், பூமியின் மேலோட்டையும் அதை உள்ளடக்கிய கற்கோளத்தையும் அதிர்வலைகளின் துணைகொண்டு ஆராயக் கூடியிருக்கும் இவ்வவைக்கு என்னைத் தலைமை தாங்கப் பணித்த வரவேற்புக் குழுவினருக்கு என் மனமார்ந்த வந்தனம். மேற்கே கல்குவாரிகளும், கிழக்கே வங்கக் கடலும், வடகிழக்கே மரக்காணத்து உப்பளங்களும் சூழ்ந்த இப்பிரதேசத்தைவிட இந்த ஆராய்ச்சிக்கு உகந்த இடம் வேறு கிடைப்பது அரிது.

திருவக்கரைப் பக்கத்துக் குவாரிகளிலிருந்து லாரி லாரியாக வெளியேறும் ஜல்லியில் ஒரு துண்டைக் கையிலெடுத்துப் பாருங்கள். புதிதாக உடைந்த முகம் எண்ணெய் பூசினாற்போலக் கருநீலமாக மினுங்கும். பல்லாவரத்துக் கல்லை ஆராய்ந்து ஹாலந்து என்னும் அறிஞர் சார்னோக்கைட் என்று பெயரிட்ட இந்தப் பாறை இனம், 20 கிலோமீட்டரையொட்டியோ அதற்கும் கீழோ, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருப்பெற்றது. அது இன்று நம் காலடியில் கிடக்கிறதென்றால், அதன்மேல் ஒரு காலத்தில் இருந்த அத்தனை பாறையும் தேய்ந்து கரைந்து போயிற்று என்பதே பொருள். அப்படியானால் எஞ்சியிருக்கும் மேலோடு மெலிந்தல்லவா இருக்க வேண்டும்?

இவ்வினாவுக்கு அதிர்வலைகளன்றி வேறெதுவும் நேராக விடை சொல்வதில்லை. 1909-இல் குரோஷிய நாட்டுப் பூகம்பம் ஒன்றின் பதிவுகளை ஆராய்ந்த மோகோரோவிசிச், தொலைவிலுள்ள நிலையங்களில், ஆழத்தில் சுற்றிச் சென்ற அலை நேர்வழியில் வந்த அலையை முந்திக்கொள்வதைக் கண்டு, வேகம் திடீரென மிகுகின்ற எல்லை ஒன்று கீழே உண்டென்று நிறுவினார்; அதுவே மேலோட்டின் அடி. நம் நாட்டில் ஹைதராபாத்தின் தேசிய பூபௌதிக ஆராய்ச்சி நிலையத்தார், சோவியத் நிபுணர்களின் ஒத்துழைப்போடு 1972-இல் தொடங்கிக் காவலிமுதல் உடுப்பிவரை சுமார் 600 கிலோமீட்டர் தூரம் வெடி வைத்து அந்த எல்லையை அளந்தனர். பின்னர்க் குப்பத்திலிருந்து பழனிவரை அளந்தபோது, சார்னோக்கைட் நிலத்தின் கீழும் மேலோடு 40 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்தே இருக்கக் கண்டனர். இவ்வளவு இழந்த பின்னும் இவ்வளவு எஞ்சுமானால், ஆதியில் இங்கே இமயத்தின் கீழிருப்பதை ஒத்த தடிமன் இருந்திருக்க வேண்டும்; அல்லது பிற்காலத்தில் அடியிலிருந்து புதுப்பாறை வந்து சேர்ந்திருக்க வேண்டும். முந்திய கருத்தே வலுவுடையது என்பது என் அபிப்பிராயம். ஆயினும் அதை நிரூபிக்கப் போதிய நிலையங்கள் நமக்கில்லை.

கற்கோளத்தைப் பற்றிய விவாதம் இதனினும் கடினமானது. 2007-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி, இந்தியாவின் கற்கோளத்தின் தடிமன் சுமார் 100 கிலோமீட்டரே என்றும், கோண்டுவானா என்னும் பழங்கண்டத்தின் ஏனைய துண்டுகளுக்கு 180 முதல் 300 கிலோமீட்டர் உண்டு என்றும் கூறிற்று. ஆனால் ஆந்திரத்து வஜ்ரகரூரில் சுமார் 110 கோடி ஆண்டுகளுக்கு முன், மிக ஆழத்தில் உருவாகும் வைரத்தைச் சுமந்து மேலெழுந்த கிம்பர்லைட் பாறைகள், அக்காலத்தில் அங்கே கற்கோளத்துக்கு ஆழமான வேர் இருந்ததற்குச் சாட்சியம் பகர்கின்றன. அந்த வேர் பின்னர் அற்றுப்போயிற்றா, அல்லது நம் கணக்கில்தான் குறையா என்பதை இவ்வவை தயக்கமின்றி வாதிக்க வேண்டும்.

செஞ்சிக் குன்றுகளில் தொடங்கி, இரும்பை வழியாகக் கடற்கரைவரை அதிர்வுப் பதிவு நிலையங்களை வரிசையாக நிறுவ வேண்டும் என்பது என் பிரேரணை. கண்டம் கடலோடு முடியும் விளிம்பு இது. 2001 செப்டம்பர் 25-ஆம் நாள் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலடியில் நேர்ந்த பூகம்பம் சென்னைவரை உணரப்பட்டதை நாம் மறந்துவிடலாகாது. கிணறும் வீடும் நெருங்கிய இவ்வூர்களில் வெடி வைக்கவும் அவசியமில்லை. கடலலைகள் ஓயாமல் நிலத்தில் எழுப்பும் நுண்ணதிர்வை இரு நிலையங்களில் மாதக்கணக்கில் பதிந்து ஒப்பிட்டால், ஒன்றில் வெடித்து மற்றதில் கேட்டதற்கு நிகரான பதிவு கிடைத்துவிடுகிறது. அதே கருவிகள் தூரதேசத்துப் பூகம்பங்களையும் பதிந்து, ஆழத்துச் செய்தியைத் தரும். உப்பளத்துக் களிமண் இதற்கு உதவாது. பாறை வெளிப்பட்ட இடத்தில் குழி பறித்து, ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, வடதிசையைப் பிசகாமல் குறித்துக் கருவியை இறக்க வேண்டும்.

இந்த வட்டாரத்துக் கல்லூரி ஆசிரியர்களையும் ஊராட்சி மன்றத்தாரையும் நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: லாரி சத்தம் எட்டாத ஒரு பாறைத்தளமும், பூட்டுள்ள ஓர் அறையும், கருவியைப் பார்த்துக்கொள்ள அக்கறையுள்ள ஒரு மாணவரும் ஒவ்வோர் ஊரிலும் கிடைக்கும்படி செய்யுங்கள்.