சிறையுண்டோரை மறவாதீர்!

 

புகழனைத்தும் ஏக இறைவனாம் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக! அவனுடைய தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

சுவனத்திற்குரிய நல்லடியார்களின் பண்புகளை அத்தஹ்ர் அத்தியாயத்தில் (76:8, 9) அல்லாஹ் கூறுகின்றான். தமக்கே தேவை இருந்தும் ஏழைக்கும், அநாதைக்கும், சிறைப்பட்டவனுக்கும் அவர்கள் உணவளிக்கின்றார்கள். அதற்காக நன்றியையோ கைம்மாறையோ எதிர்பார்ப்பதில்லை. சிறைப்பட்டவன் எந்த மார்க்கத்தைச் சேர்ந்தவன் என்ற நிபந்தனை அங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். பசித்தவருக்கு உணவளிப்பதையும், நோயாளியை நலம் விசாரிப்பதையும், சிறைப்பட்டவரை விடுவிப்பதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒரே கட்டளையாகச் சேர்த்துரைத்த செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

போர்க்களத்தில் வாளேந்தி நின்று பிடிபட்டவர் ஒரு வகை. எந்தக் குற்றமும் செய்யாமல், பிறந்த குலத்திற்காகவும் நாட்டிற்காகவும் அடைத்து வைக்கப்படும் குடிமக்கள் மற்றொரு வகை. இந்த இரண்டாவது வகையினரைப் பற்றியும், வெளியே நின்று அவர்களுக்காகத் தவிக்கும் குடும்பத்தாரைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

அபூதாலிப் கணவாய்

நபித்துவத்தின் 7 ஆம் ஆண்டில் மக்கத்துக் குறைஷியர் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கஅபாவில் தொங்கவிட்டனர். பனூ ஹாஷிம், பனுல் முத்தலிப் கிளையாரோடு கொடுக்கல் வாங்கலும் திருமண உறவும் கூடாது என்பதே அதன் சாரம். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவர்கள் ஒரு கணவாயில் ஒதுங்கி வாழ்ந்தனர். முஸ்லிம்கள் மட்டுமல்லர், இஸ்லாத்தை ஏற்காத உறவினரும் உடனிருந்தனர். பசியால் குழந்தைகள் அழும் ஓசை கணவாய்க்கு வெளியே கேட்டதென வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர்.

அப்போது உறவினர் சும்மா இருக்கவில்லை. ஹகீம் இப்னு ஹிஸாம் அன்று இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. ஆயினும் தம் அத்தை அன்னை கதீஜா (ரலி) அவர்களுக்குக் கோதுமை கொண்டு சென்றார். ஹிஷாம் இப்னு அம்ரு என்பவர் இரவு நேரத்தில் ஒட்டகத்தில் உணவுப் பொருட்களை ஏற்றிக் கணவாயின் வாயிலில் கொண்டுவந்து, கடிவாளத்தைக் கழற்றி, அதை உள்ளே விரட்டிவிடுவார். அதோடு அவர் நிற்கவில்லை. ஸுஹைர், முத்இம் இப்னு அதீ, அபுல் பக்தரி, ஸம்ஆ ஆகியோரை ஒவ்வொருவராகச் சந்தித்து மனம் மாற்றினார். ஐவரும் சபையில் எழுந்து அந்த அநியாய ஏட்டை எதிர்த்தனர், தடை நீங்கியது.

இவர்களுள் முத்இம் இஸ்லாத்தை ஏற்காமலேயே மரணித்தவர். ஆனாலும் பத்ருப் போர்க் கைதிகள் விஷயத்தில், முத்இம் உயிரோடிருந்து பரிந்து பேசியிருந்தால் அவருக்காக இவர்களை விட்டுவிட்டிருப்பேன் என்ற கருத்தில் நபிகளார் பேசினார்கள். உதவியவரின் நன்றியை மறவாத உத்தமர் அல்லவா நம் தலைவர்!

அமெரிக்காவில் நிகழ்ந்த அநீதி

அண்மைக்கால வரலாற்றைப் பாருங்கள். 1941 டிசம்பர் 7 ஆம் நாள் ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. அன்றே அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியச் சமூகத் தலைவர்களும், புத்தமதக் குருமார்களும், மொழி ஆசிரியர்களும் கைது செய்யப்படலாயினர். பின்னர் 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, மேற்குக் கரையோரம் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீடு, நிலம், கடை அனைத்தையும் விட்டு முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்!

தனியே கைதான தந்தையரின் நிலை இன்னும் கொடிது. விசாரணைக் குழுவின் முன் வழக்கறிஞர் துணை அவர்களுக்கு இல்லை. கடிதங்கள் தணிக்கைக்கு உள்ளாயின. முகாமில் அடைபட்ட மனைவியரும் மக்களும் அங்கிருந்தபடியே, மறுவிசாரணை கோரி அதிகாரிகளுக்கு மனுக்கள் எழுதினர். டெக்சாஸ் மாநிலத்தின் கிரிஸ்டல் சிட்டி முகாமில், சிறைப்பட்ட கணவரோடு சேர்ந்து வாழ்வதற்காகத் தாமே விரும்பி முள்வேலிக்குள் சென்ற மனைவியரும் உண்டு.

மிட்சுயே எண்டோ என்ற பெண்மணி கலிஃபோர்னியாவில் அரசு எழுத்தராக இருந்தவர். அவருடைய சகோதரர் அமெரிக்க இராணுவத்தில் பணியாற்றியவர். ஆயினும் அவரும் அடைக்கப்பட்டார். 1942 இல் அவர் சார்பில் ஆட்கொணர்வு மனு தாக்கலானது. மேற்குக் கரைக்குத் திரும்புவதில்லை என்று ஒப்புக்கொண்டால் விடுதலை தருவதாக அரசு கூறியது. அவர் மறுத்தார். தாம் மட்டும் வெளியேறினால் வழக்கு முடிந்துவிடும், மற்றவர்க்கு வழி அடைபடும் என்பதால் முகாமிலேயே இருந்தார். 1944 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், விசுவாசமான குடிமக்களை அடைத்து வைக்க அதிகாரமில்லை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஒருவரின் பொறுமை ஆயிரக்கணக்கானோருக்கு வாசலைத் திறந்தது.

அண்டை வீட்டாரையும் சொல்ல வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃப்ளோரின் பகுதியில் பாப் ஃப்ளெட்சர் என்பவர் தம் அரசு வேலையை விட்டுவிட்டு, முகாமுக்குச் சென்ற மூன்று குடும்பங்களின் திராட்சைத் தோட்டங்களைப் பராமரித்தார். வரியையும் கடனையும் கட்டினார். இலாபத்தில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியை உரியவர்களுக்காக வங்கியில் சேர்த்து வைத்தார். ஊரார் அவரை ஏசினர். அவர் அசையவில்லை. சான்டியாகோ நகரின் நூலகர் கிளாரா பிரீட், புறப்படும் சிறுவர்களிடம் தபால்தலை ஒட்டிய அஞ்சலட்டைகளைக் கொடுத்து எழுதச் சொன்னார். முகாமுக்குப் புத்தகங்களும் பொருட்களும் அனுப்பினார்.

1988 இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கோரி, உயிருடனிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. அன்று முகாமுக்குச் செல்ல மறுத்துக் கைதான ஃபிரெட் கொரெமாட்சு, 2003 இல் முதிய வயதில், குவாண்டநாமோவில் விசாரணையின்றி அடைபட்டிருந்த முஸ்லிம்களுக்கு ஆதரவாக உச்ச நீதிமன்றத்தில் கருத்துரை தாக்கல் செய்தார். தாம் பட்ட துன்பம் பிறருக்கு நேரக்கூடாது என்று கருதிய அவருக்கு நம் மார்க்கம் எதுவென்பது ஒரு பொருட்டாக இருக்கவில்லை. பிற சமூகத்தார் அடைபடும்போது நாம் அவ்வாறு குரல் கொடுக்கின்றோமா?

நாம் செய்ய வேண்டியவை

யூசுஃப் (அலை) அவர்கள் குற்றமற்றவராகச் சிறையிலிருந்தார்கள். விடுதலையான தோழரிடம் தம்மைப் பற்றி மன்னரிடம் கூறுமாறு கேட்டுக்கொண்டார்கள். அவரோ மறந்தார்; சிறைவாசம் பல ஆண்டுகள் நீண்டது (12:42). ஆனால் தந்தை யஃகூப் (அலை) மறக்கவில்லை. அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காமல் யூசுஃபைத் தேடுங்கள் என்று மக்களை அனுப்பினார்கள் (12:87). நாம் யாரைப் பின்பற்றுகின்றோம்?

நம் தெருவில் ஒருவர் பிடிக்கப்பட்டால் முதலில் என்ன நடக்கின்றது? அந்த வீட்டுக்குப் போவது நின்றுவிடுகின்றது. பெண் கேட்டவர்கள் பின்வாங்குகின்றனர். கடைக்காரர் கணக்கை முடிக்கச் சொல்கின்றார். இதுவும் குறைஷியர் எழுதிய ஏடு போன்றதே, எழுதப்படவில்லை, அவ்வளவுதான்! செய்தியைத் தீர விசாரிக்குமாறு 49:6 வசனம் கட்டளையிடுகின்றது. விசாரணை முடியுமுன் ஒரு குடும்பத்தையே தண்டிக்க நமக்கு யார் அதிகாரம் தந்தது?

1949 ஆம் ஆண்டின் நான்காவது ஜெனீவா ஒப்பந்தம், போர்க்காலத்தில் தடுத்து வைக்கப்படும் குடிமக்கள் தம் நிலையைக் குடும்பத்தாருக்குத் தெரிவிக்கவும், கடிதங்கள் எழுதவும், பொட்டலங்கள் பெறவும் உரிமை தருகின்றது. கடிதங்களுக்கு வரம்பு விதித்தாலும் மாதம் 2 கடிதங்கள், 4 அட்டைகளுக்குக் குறையக்கூடாது. ஒரு கடிதத்தின் மதிப்பை உலகமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. நாம் எத்தனை எழுதினோம்?

எனவே சகோதரர்களே! உள்ளே இருப்பவருக்குக் கடிதம் எழுதுங்கள்; அனுமதி உண்டெனில் நேரில் சென்று பாருங்கள். சட்ட வழியில் வழக்கறிஞர் உதவியைப் பெற்றுத் தாருங்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும், வீட்டின் அரிசி, மருந்துச் செலவையும் ஜமாஅத் ஏற்கட்டும், விளம்பரமின்றி ஏற்கட்டும். சகோதரிகளே! அந்த வீட்டுத் தாயாரிடம் போய்ச் சிறிது நேரம் அமருங்கள். பெருநாளன்று அந்த வீட்டுக்கு முதலில் செல்லுங்கள். பாதிக்கப்பட்டவர் மாற்று மதத்தவராயினும் இதையே செய்யுங்கள். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நீதியிலிருந்து நம்மைத் தடுக்கக்கூடாது என்பது 5:8 வசனத்தின் கட்டளை.

யா அல்லாஹ்! அநியாயமாக அடைபட்டிருப்போரை விடுவிப்பாயாக! அவர்களுக்காகக் காத்திருக்கும் தாய்மார்களுக்கும், மனைவியருக்கும், மக்களுக்கும் பொறுமையையும் ஆறுதலையும் தருவாயாக! மறந்துவிட்டவர்களின் கூட்டத்தில் எங்களைச் சேர்த்துவிடாதே! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.