பிடி அரிசி



உலை வைக்கும்போது, அளந்த அரிசியில் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்ட பிறகுதான் எங்கள் ஆயா அரிசி களைவார். வாரம் முழுக்கச் சேர்ந்தது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போகும். பிடி அரிசிக் காணிக்கை என்பார்கள். அந்த அரிசி ஊழியத்துக்கும் போகும், புருஷனைப் பறிகொடுத்தவள் வீட்டு அடுப்புக்கும் போகும். அப்பாவுக்கு வேலை இல்லாமல்போன ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தது. வாங்க அம்மா கூசினார். "நான் போட்டதுதான் திரும்பி வருது, வாங்கி வை" என்றார் ஆயா.

மிசோரமில் 1910-இல் தொடங்கிய இதே வழக்கம் இன்றும் அங்குள்ள திருச்சபைக்குப் பெரிய வருமானம். நம் பக்கம் குறைந்துவிட்டது. இப்போது கவரில் பணம் போடுகிறோம். தப்பில்லை. ஆனால் தினமும் சமைக்கும் நேரத்தில் அடுத்த வீட்டு அடுப்பை நினைக்க வைத்தது அந்தப் பானை.

அப்படி அடுத்த வீட்டை நினைத்த ஓர் இரவும் எனக்கு நினைவிருக்கிறது. 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்ததைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மறுநாள் இரவு வருஷப் பிறப்பு ஆராதனை. கரண்ட் இல்லை. கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடினோம். போதகர் ஐயா பிரசங்கக் குறிப்பை மடித்து வைத்துவிட்டார். யார் வீட்டுக் கூரை போனது, யார் வீட்டில் கிணறு இருக்கிறது, எந்தக் குழந்தைக்குப் பால் வேண்டும் என்று வரிசையாகக் கேட்டார். பதில் சொல்லி முடிப்பதற்குள் புது வருஷம் பிறந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. நான் கேட்ட பிரசங்கங்களில் நினைவில் நிற்பது, அவர் செய்யாத அந்தப் பிரசங்கம்தான்.

ஆபத்தில் சேர்ந்து நிற்பது கடலூருக்குப் பழைய பாடம். கெரிக்கே என்ற ஜெர்மானியப் போதகர் 1767 முதல் இங்கே ஊழியம் செய்தவர். 1782-இல் பிரெஞ்சுப் படையும் ஹைதர் அலியின் படையும் சேர்ந்து வந்து ஊரைப் பிடித்தன. கெரிக்கே ஓடிவிடவில்லை. ஊருக்காகப் பிரெஞ்சு அதிகாரிகளிடம் போய்ப் பேசினார். ஆலயம் வெடிமருந்துக் கிடங்காகிப்போன பிறகும் கொஞ்ச காலம் இங்கே இருந்துவிட்டுத்தான் நாகப்பட்டினம் போனார். அவரால் போரை நிறுத்த முடியவில்லை. பயந்துகிடந்த சபைக்கு நடுவே இருக்க முடிந்தது.

புயலிலும் போரிலும் சேர்ந்து நிற்பது ஒருவகையில் சுலபம். தண்ணீர் எல்லார் வீட்டுக்குள்ளும்தான் வருகிறது. தண்ணீர் வடிந்த பிறகு என்ன செய்கிறோம்? சாதி மறுபடி நடுவே வந்து நிற்கிறது. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி, சபைக்குள் சாதிக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று தான் ஊழியம் செய்த லைப்சிக் மிஷனோடு முரண்பட்டு வெளியேறினார். 1860-களின் தொடக்கத்தில், இங்கிருந்து பக்கத்திலேயே இருக்கும் மேல்பட்டாம்பாக்கத்தில் பெத்தானியா என்று ஓர் ஊழியத் தலத்தைத் தொடங்கினார். பிறகு அது டேனிஷ் மிஷனோடு சேர்ந்தது. இன்றைய ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு அதுதான் வேர். நூற்றறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்காகச் சுவர் வைத்த கிறிஸ்தவர்கள் நம் மாநிலத்தில் இருக்கிறார்கள். ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொன்ன பவுலின் நிருபத்தை அவர்களும்தான் வாசிக்கிறார்கள். செத்தவனோடு ஒரே மண்ணில் படுக்க மறுப்பவர், உயிரோடு இருப்பவனின் கடனிலும் வியாதியிலும் எப்படிப் பங்கெடுப்பார்? எனக்கு நம்பிக்கை இல்லை.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு நிமிஷம் சுற்றிப் பாருங்கள். இரண்டு வாரமாக வராதவர் யார்? "ஜெபிக்கிறேன்" என்று போனில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். வீட்டுக்குப் போங்கள். நீங்கள் வழக்கமாகப் போகாத தெருவில் அந்த வீடு இருந்தால் முதலில் அங்கே போங்கள். அவர்கள் காபி கொடுத்தால் உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள்.